காய்ந்த கல்லில் எழுதிய தேதி

சூப்பர்வைசரின் மனைவி உள்ளறையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வந்ததைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்ததும் மேசை முனகியது. வெட்டுக்கிளி தன் டீ டம்ளரை அவசரமாக நகர்த்திக்கொண்டான்.

பழைய துண்டு ஒன்று. பிரித்தால் உள்ளே ஒரு காங்கிரீட் கட்டி. ஆறு முகமும் சதுரம். ஒரு முகத்தில் மட்டும் ஆணியால் கீறின மாதிரி ஒரு தேதி.

"இதுதான் மேடம் அவர் கடைசியா வீட்டுக்குக் கொண்டு வந்தது," என்றாள் அவள். "ஃபேக்டரி சாமான் எதையும் வீட்டுக்குள்ள விடமாட்டார். செருப்புத் தூசியைக் கூட வாசல்லயே தட்டிட்டு வர்ற மனுஷன்."

"மத்த வீட்டுல புருஷன் வெளிய போயிட்டு வந்தா பூ, புடவை வரும்," என்று ஆரம்பித்த வெட்டுக்கிளி, பெரியம்மாவின் பார்வை பட்டதும் மீதியை டீயோடு சேர்த்து விழுங்கினான்.

பெரியம்மா என்று கூப்பிடும் உரிமை முறைப்படி அவன் ஒருவனுக்குத்தான். அவள் அவனுடைய அம்மாவின் அக்கா. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரித்தே தலை நரைத்து, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். எடுபிடிக்கு எந்த வேலையிலும் நிலைக்காத தங்கை மகனைச் சேர்த்துக்கொண்டாள். அவன் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவனுக்கு வெட்டுக்கிளி என்ற பெயர் காலின் நீளத்தால் வந்தது.

விஷயம் ஊருக்கே தெரிந்தது. நர்சுகள் தங்கும் புது விடுதியில், காலை நேரத்தில், ராத்திரி வேலை முடித்து மேலே ஏறிக்கொண்டிருந்த பெண்களோடு ஒரு படிக்கட்டு இடிந்து விழுந்தது. இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஒருத்தி இன்னும் கண் திறக்கவில்லை. கட்டடத்தில் கட்டிய படிக்கட்டு இல்லை அது. தொழிற்சாலையில் அச்சில் வார்த்து, லாரியில் ஏற்றி வந்து, க்ரேனால் தூக்கிப் பொருத்தியது. ஒவ்வொரு துண்டின் அடியிலும் தரம் பார்த்த சூப்பர்வைசரின் பச்சை முத்திரை இருந்தது. மறுநாள் வார விடுமுறை. காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போன சூப்பர்வைசர் திரும்பவில்லை. பைக் மட்டும் பஸ் ஸ்டாண்டில் நின்றது. முத்திரை குத்தியவன் கம்பி நீட்டிவிட்டான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"எதிர்வீட்டுக்காரங்க என் மூஞ்சியிலயே கதவைச் சாத்துறாங்க," என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அழுது அழுது வற்றிப்போன குரல். "நேத்து ஒரு அம்மா கடைக்கே வந்துட்டாங்க. செத்துப்போன பொண்ணோட அம்மா. திட்டல. ஒண்ணுமே சொல்லல. என் முன்னாடி உக்காந்து என் முகத்தையே பாத்துட்டிருந்தாங்க. எனக்கு ஒரு பதில் வேணும் மேடம். அவர் தப்பு பண்ணியிருந்தா அதையும் தெரிஞ்சுக்கறேன்."

"அந்த ராத்திரி இந்தக் கல்லை என்ன பண்ணார்?"

"லைட்டைப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு, இந்தத் தேதி மேல விரலை வச்சுத் தடவிட்டே இருந்தார். சாப்பாட்டைத் தொடல. காலைல, ஃபேக்டரி வரைக்கும் போயிட்டு மத்தியானம் வந்துடறேன்னார்."

பெரியம்மா கல்லைத் தன் பக்கம் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தேதியின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். வாசல் நடை சிமென்ட் பூசியது. அதில் குறுக்காக ஒரு பூனையின் கால் தடங்கள் பதிந்திருந்தன.

"டேய், அதுல விரலை வை."

வெட்டுக்கிளி குனிந்து வைத்தான். "பூனைக்கும் ரேகை எடுக்கணுமா?"

"ஓரம் எப்படி இருக்கு?"

"வழவழன்னு. லேசா உப்பியிருக்கு."

"பூனை ஈரத்துல நடந்திருக்கு. மாவுல விரல் பதிஞ்ச மாதிரி ஓரம் பிதுங்கி நிக்குது. இப்ப வந்து இந்தத் தேதியைத் தடவு."

தடவினான். எழுத்தின் ஓரங்கள் பல்லு பல்லாக உடைந்திருந்தன. விரல் நுனியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது.

"இது காய்ஞ்சு இறுகின பிறகு கீறினது," என்றாள் பெரியம்மா. "இதுக்கு கியூப்னு பேரு. தினமும் படிக்கட்டுக்குக் கலக்குற கலவையிலயே ஒரு கை எடுத்து, இந்த மாதிரி கட்டி வார்ப்பாங்க. ஈரத்துலயே தேதி எழுதுவாங்க. அப்புறம் தண்ணித் தொட்டியில போட்டு வச்சு, மெஷின்ல நசுக்கிப் பாப்பாங்க. கட்டி தாங்கினா, அன்னிக்கு வார்த்த படிக்கட்டும் தாங்கும்னு அர்த்தம். தேதியைக் காஞ்ச பிறகு எழுதினா?"

வெட்டுக்கிளிக்கு உடனே பிடிபட்டது. படிப்பு ஏறவில்லையே தவிர, தில்லுமுல்லு அவனுக்குச் சட்டென்று விளங்கும். "நல்ல கலவையில ஒரு நாள் உக்காந்து வண்டி வண்டியா கட்டி வார்த்து வச்சுக்கலாம். தேவைப்படறப்ப ஒண்ணை எடுத்து அன்னிக்குத் தேதியைக் கீறிடலாம். பரீட்சை எழுதறது ஒருத்தன், பாஸ் ஆகறது இன்னொருத்தன்."

"கட்டியெல்லாம் பாஸ் ஆகும். படிக்கட்டு விழும்," என்றாள் பெரியம்மா. மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் இதைத் தெரிஞ்சு பண்ணியிருந்தா, ராத்திரி உக்காந்து தடவிப் பாத்திருக்க மாட்டார்."

அவள் கண்கள் இப்போதுதான் நிறைந்தன. "கியூப் வார்க்கறது என் தம்பிதான் மேடம். அங்க கலவை மேஸ்திரி. இவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தார். அவனைக் கேட்டா யார் கைவச்சாங்கன்னு தெரிஞ்சிடும். அவனும் மாமா மாமான்னு பித்துப் பிடிச்ச மாதிரி தேடிட்டிருக்கான். வாங்க, நானும் வரேன். இவர் சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லி ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க."

காரில் வெட்டுக்கிளி குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பெரியம்மா, விழுந்த படிக்கட்டு விழுந்திடுச்சு. அதே கலவையில வார்த்த மத்ததெல்லாம் எங்க இருக்கு?"

"அதுதான் எனக்கும் பயம்," என்றாள் பெரியம்மா. "எங்கெங்கேயோ பொருத்தியாச்சு. ஜனங்க ஏறி இறங்கிட்டிருக்காங்க, இந்த நிமிஷமும். எந்தெந்த நாள்ல கலவை ஏமாத்தினாங்க, அது எங்கெங்க போச்சு, அது தெரிஞ்ச ஆளைப் பிடிக்கணும். கொலைகாரனைத் தேடறதை விட இது அவசரம்."

"கொலையா? ஓடிப்போனவர்னு தானே..."

பெரியம்மா கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தாள். மனைவி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

தொழிற்சாலை ஊர் எல்லையில் இருந்தது. வாசலில் அரசு முத்திரை போட்ட நோட்டீஸ் ஒன்று காற்றில் படபடத்தது. விசாரணை முடியும் வரை புது வார்ப்பு கூடாது. முற்றத்தைச் சுத்தம் செய்ய மட்டும் அனுமதி. முதலாளியைக் கேட்டார்கள். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாராம்.

"வக்கீல் போய்ப் பாத்த உடனே வந்திருக்குமே," என்றான் வெட்டுக்கிளி. ஆபீஸ் குமாஸ்தா மறுக்கவில்லை.

கலவை மேஸ்திரி ஓடி வந்தான். முப்பது வயதைத் தாண்டாத வாட்டசாட்டமான ஆள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அக்காவைக் கண்டதும் உதடு துடித்தது. "நீ ஏன்க்கா வந்தே. நான் கொண்டு வந்து தர மாட்டேனா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பெரியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். "எப்படியாவது மாமாவைக் கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க மேடம். பயந்து எங்கேயோ போய் ஒளிஞ்சிருக்கார். அவர் மேல எந்தத் தப்பும் இருக்காது."

"கியூப் வார்க்கறது நீங்கதானே?"

"முன்னாடி நான். கொஞ்ச நாளா மாமாவே பண்றேன்னுட்டார். நான் கலவையோட சரி." அவன் கொஞ்சம் தயங்கினான். "சொல்லக் கூடாது. அக்கா முன்னாடி வேண்டாம்னுதான் பாத்தேன். முதலாளி அவரை ரொம்ப நெருக்கிட்டிருந்தார். அதிகம் வார், சீக்கிரம் வார்னு. என்ன பண்ணச் சொன்னாரோ."

பெரியம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் கை மட்டும் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து விரலில் சுழற்றிக்கொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் ஆபீசுக்குள் போனதும், யாரையும் கேட்காமல் முற்றத்தில் இறங்கி நடந்தாள்.

முற்றம் முழுக்க வார்த்த துண்டுகள். படிக்கட்டுகள் முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்திருந்தன. ஒரு படிக்கட்டின் ஓரத்தில் பெரியம்மா சாவியால் அழுத்திக் கீறினாள். சாம்பல் நிறத்தில் மாவு உதிர்ந்தது. அடுத்ததிலும் உதிர்ந்தது. அதற்கு அடுத்ததில் கொஞ்சம் பரவாயில்லை. மறுபடி அடுத்ததில் உதிர்ந்தது.

"சிமென்ட்டுன்னு சொன்னா சிமென்ட்டே கோவிச்சுக்கும்," என்றான் வெட்டுக்கிளி.

"லாரியில வந்த சிமென்ட் வழியிலயே பாதி இறங்கியிருக்கும். இங்க வந்த மிச்சத்துல சாம்பலைக் கலந்து சரிக்கட்டியிருப்பாங்க. கலவையைக் கையில வச்சிருக்கிறவனுக்குத் தெரியாம இது நடக்காது."

வெட்டுக்கிளி நின்றான். "அந்தம்மாவோட தம்பியா?"

"அவன் சிமென்ட் திருடன். அது வரைக்கும் சரி. அதுக்கு மேல எனக்கு இன்னும் தெரியலை."

முற்றத்தின் கடைசியில், உடைந்து ஒதுக்கப்பட்ட துண்டுகளைப் போட்டு உடைக்கும் இடம். காங்கிரீட்டை உடைத்துத் தூளாக்கி ஒரு பக்கமும், உள்ளே இருந்த கம்பியை உருவி நிமிர்த்தி இன்னொரு பக்கமும் குவித்திருந்தார்கள். துருப்பிடித்த சின்னக் கம்பியைக் கூட விடவில்லை. அதற்குப் பக்கத்தில் க்ரேன் ஒன்று நீளமான ஒரு அஸ்திவாரக் கட்டையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, தொங்கவிட்டபடியே நின்றது. ஆள் உயரத்தை விட நீளம். இடுப்பு உயரக் கனம். மேலே சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டிருந்தது. ஆபரேட்டர் கேபினில் உட்கார்ந்து அளவு காட்டும் சின்னத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, கல்லு ஊஞ்சலாடுது?" என்றான் வெட்டுக்கிளி.

"மெஷின் ரிப்பேரா, கல்லு ரிப்பேரான்னு பாக்கறேன் தம்பி. இதே அச்சுல வார்த்த கட்டையை இப்பதான் வரிசையா தூக்கி வச்சேன். எல்லாம் ஒரே எடை. இது மட்டும் குறையுது. ஒரு ஆளை இறக்கி விட்ட மாதிரி குறையுது."

"டயட்ல இருக்கும்."

"மேஸ்திரி சொன்னாரு, உள்ள பொக்குன்னு. கலவை சரியா இறங்காம காத்து நின்னுடுச்சாம். அதான் சிவப்பு அடிச்சிருக்காரு. பின்னாடி பள்ளத்துல போட்டு மண்ணைத் தள்ளச் சொல்லி ரெண்டு நாளா என் உசிரை எடுக்கறாரு."

பெரியம்மா அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை அப்படியே கீழ இறக்குங்க. கொஞ்சம் பாத்துக்கறேன்," என்றாள்.

இறக்கினார். அவள் சாவியை எடுத்துக் கட்டையின் ஓரத்தில் கீறினாள். ஒன்றும் உதிரவில்லை. பலத்தையெல்லாம் கூட்டிக் கீறினாள். சாவியின் முனைதான் மழுங்கியது.

அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து அக்காவும் தம்பியும் வந்தார்கள். அவள் கையில் ஒரு துணிப்பை. ஒரு மஞ்சள் தொப்பி, ஒரு ஜோடி ஷூ, கைப்பிடி தேய்ந்த சின்னச் சுத்தியல். கணவனின் உடைமை அவ்வளவுதான். எந்தத் துண்டைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார் என்பதால் ஆட்கள் அவருக்கு 'டொக்கு சார்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். குமாஸ்தா சொன்னதாக அவளே சொன்னாள். சொல்லும்போது லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

"அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் குடுங்கம்மா," என்றாள் பெரியம்மா.

கட்டையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தட்டிக்கொண்டே போனாள். டொக், டொக், டொக். எங்கேயும் சத்தம் மாறவில்லை.

"பொக்குன்னா சத்தம் மாறணுமே தம்பி," என்றாள்.

"ரொம்ப உள்ள இருக்கும் மேடம்," என்றான் மேஸ்திரி. "இதுல என்ன இருக்கு, வாங்க, கலவை மெஷினைக் காட்டறேன்."

"இங்க கழிச்ச கல்லையெல்லாம் உடைச்சுக் கம்பி எடுக்கறீங்க. கை நீளத் துண்டுக் கம்பியைக் கூட விடல. இந்தக் கட்டையில எவ்வளவு கம்பி இருக்கும். இதை மட்டும் ஏன் முழுசா புதைக்கணும்?"

"முதலாளி சொன்னாரு."

"ஆபரேட்டர் நீங்க சொன்னதா சொல்றாரு. சரி, முதலாளி சொல்லி நீங்க சொல்லியிருக்கலாம்." பெரியம்மா கட்டையின் தலைப்பக்கம் போய்க் குனிந்தாள். அங்கே தேதி கீறியிருந்தது. படிக்கட்டு விழுவதற்கு முந்தின வாரத் தேதி. அவள் அதன் மேல் விரலை வைத்துவிட்டு, தள்ளி நின்று வெட்டுக்கிளிக்கு இடம் விட்டாள்.

அவனும் தடவினான். பல்லு பல்லாக உடைந்த ஓரம். உளி வைத்துக் கொத்தியிருந்தது.

"இந்த முற்றத்துல எந்தக் கல்லைக் கீறினாலும் மாவு கொட்டுது," என்றாள் பெரியம்மா. அவள் குரல் உயரவே இல்லை. "இது ஒண்ணுதான் சாவியை மழுக்குது. சிமென்ட்டைத் திருடறவன் இந்த ஒரு கல்லுக்கு மட்டும் வஞ்சனை இல்லாம சிமென்ட் போட்டிருக்கான். ஏன்னா இது ஒண்ணு மட்டும் உடையவே கூடாது. எப்ப வார்த்தான்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு, காஞ்ச பிறகு பழைய தேதியைக் கொத்தியிருக்கான்."

வெட்டுக்கிளிக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. அல்லது புரிந்ததை மனசு உள்ளே விடவில்லை. வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. "உள்ள ஏதாவது வச்சிருந்தா எடை கூடத்தானே செய்யும் பெரியம்மா? இது குறையுதே."

"மனுஷன் தண்ணியில மிதப்பான்," என்றாள் பெரியம்மா. "இந்தக் கல்லு மிதக்குமா? மனுஷ உடம்பு காங்கிரீட்டை விட ரொம்ப லேசுடா. அவ்வளவு இடத்துக்குக் காங்கிரீட் போக வேண்டியது போகலை."

ஒரு ஆளை இறக்கி விட்ட மாதிரி குறைகிறது என்று ஆபரேட்டர் சொன்னதும், டயட் என்று தான் சிரித்ததும் வெட்டுக்கிளிக்கு நினைவுக்கு வந்தது. கட்டையின் மேல் ஊன்றியிருந்த கையைச் சூடு பட்டவன் மாதிரி எடுத்துக்கொண்டான். கேபினில் ஆபரேட்டர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

மேஸ்திரி ஓடுவான் என்று நினைத்து வெட்டுக்கிளி தன் நீளக் காலைத் தயாராக வைத்துக்கொண்டான். அவன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அக்காக்காரி அவனையும் பார்த்தாள், கட்டையையும் பார்த்தாள். "எந்திரிடா," என்றாள். "அவங்க என்னமோ சொல்றாங்க. இல்லைன்னு சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லைன்னு சொல்லுடா தம்பி."

"விடுமுறை அன்னிக்கு அவர் வந்தாருக்கா," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் மீதி கியூபையெல்லாம் உடைச்சுப் போட வந்திருந்தேன். தொட்டிக்குப் பக்கத்துல நின்னாரு. அடிக்கல, திட்டல. யாருக்கும் சொல்லலைடா, உங்கக்காவுக்குக் கூடச் சொல்லலைன்னாரு. எந்தெந்தக் கட்டடத்துக்குப் போச்சுன்னு சொல்லு, மொதல்ல ஜனங்களை இறக்கிடலாம், அப்புறம் நீயே போலீசுக்குப் போ, நான் கூட வரேன்னாரு. நான் முடியாதுன்னேன். ஆபீஸ் பக்கம் நடந்தாரு. பின்னாலயே போய்ப் பிடிச்சுத் தள்ளினேன். அச்சு இரும்புல தலை பட்டு உள்ள விழுந்துட்டாரு."

பெரியம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"உசிரு இருந்துச்சா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"பாக்கல," என்றான் அவன். "பாக்கப் பயமா இருந்துச்சு. கலவையை ஓட்டி அச்சுல கொட்டிட்டேன். அப்புறம் அவர் பைக்கை பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டேன்."

வெட்டுக்கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதுவரை எத்தனையோ விசாரணைக்குப் பெரியம்மா பின்னால் போயிருக்கிறான். பொய் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறான், கத்தியைத் தூக்கினவனைப் பார்த்திருக்கிறான். உண்மை சொன்ன மனுஷனின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது இதுதான் முதல் தடவை.

மனைவி அழவில்லை. கையிலிருந்த துணிப்பையை வெட்டுக்கிளியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். தம்பிக்கு முன்னால் போய், அவன் உட்கார்ந்திருந்த மாதிரியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எந்தெந்தக் கட்டடம்?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவர் அதைக் கேக்கத்தானே வந்தாரு. நான் கேக்கறேன். நிஜப் படிக்கட்டு எங்க போச்சு, சாம்பல் படிக்கட்டு எங்க போச்சு. உனக்குத் தெரியும். கலவை போட்டவனுக்குத் தெரியாம இருக்காது."

"அக்கா, என்னை மன்னிச்சு..."

"அதை அப்புறம் பாப்போம். இல்ல, பாக்காமயே போவோம். மொதல்ல இதைச் சொல்லு."

அவன் வாய் திறந்தான். முதலில் திக்கித் திணறி வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வணிக வளாகம், மூன்றாவது மாடி வரைக்கும். பாலிடெக்னிக்கின் பின்கட்டடம். பிரசவ ஆஸ்பத்திரி, புதுப் பிரிவு, இரண்டு பக்கமும். பிரசவ ஆஸ்பத்திரி என்றதும் பெரியம்மா கண்ணை மூடித் திறந்தாள். வெட்டுக்கிளி ஏற்கெனவே போனை எடுத்திருந்தான். அவனுடைய வாய் அன்றைக்குத்தான் உருப்படியான வேலைக்குப் பயன்பட்டது. கேலி இல்லை, கிண்டல் இல்லை. தீயணைப்பு நிலையம், இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரி என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கூப்பிட்டு, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். "படியில யாரையும் விடாதீங்க. மேல இருக்கிறவங்க லிஃப்ட்ல மட்டும் வரட்டும். ஏன்னு அப்புறம் கேளுங்க. இப்ப ஜனங்களை இறக்குங்க."

ஆஸ்பத்திரியில் போனை எடுத்த பெண் முதலில் நம்பவில்லை. "நீங்க யாரு பேசறது?" என்றாள்.

"டொக்கு சார் சொன்னாருன்னு சொல்லுங்க," என்றான் வெட்டுக்கிளி. ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. குரல் உடைந்திருந்தது. அந்த உடைந்த குரலைக் கேட்டுத்தானோ என்னவோ, அவள் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் போனை வைத்துவிட்டு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்துவிட்டது. கடைசித் தாயும் குழந்தையும் லிஃப்டில் இறங்கிவிட்டார்கள். பின்பக்கத்துப் படியின் அடியில் ஒரு நீள விரிசல் இருந்ததாம். பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்களாம். வணிக வளாகத்தையும் பாலிடெக்னிக்கையும் காலி செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கல்லை அறுக்கும் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வந்தார். போட்டோ எடுப்பவர் வந்தார். ஆபரேட்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு க்ரேனுக்கு அடியில் நின்றார்.

"நீங்க இங்க இருக்க வேண்டாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கார்ல உக்காருங்க. முடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்."

"ஒரு வாரமா அவரைத் தனியா விட்டுட்டேன்," என்றாள் அவள். "ஓடிட்டார்னு ஊரே சொன்னப்ப, ஒரு நாள் ராத்திரி நானும் அப்படி நெனச்சுட்டேன். இப்பவும் விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

இன்ஸ்பெக்டர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அவள் பக்கத்தில் போய், தோளோடு தோள் உரச நின்றுகொண்டாள். அவர் அறுக்கிறவனுக்குத் தலையசைத்தார். மெஷின் உறுமியது. சக்கரம் கல்லைத் தொட்டதும் வெள்ளைத் தூசி எழும்பி எல்லார் முகத்திலும் படிந்தது.

அவள் கையை உயர்த்தினாள். அறுக்கிறவன் மெஷினை நிறுத்திவிட்டு என்னவென்று பார்த்தான்.

"மெதுவாப்பா," என்றாள் அவள். "உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்கார்."